வால்வா, டிஜிட்டலா? – வடசென்னை மேடைக்கு எது சரி

கிடார் வாசிக்கிற நாலு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் பத்தாவது நிமிடம் இந்தச் சண்டை வந்துவிடும். வால்வு ஆம்ப்தான் ஆம்ப், மற்றதெல்லாம் பொம்மை என்று ஒருவர் ஆரம்பிப்பார். காலடியில் ஒரு டிஜிட்டல் பெட்டியைப் போட்டால் அதற்குள்ளேயே நூறு ஆம்ப் இருக்கிறது, எதற்கு முப்பது கிலோவைச் சுமக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் காட்டுகிற ஆதாரம் யூட்யூப் வீடியோ. அந்த வீடியோ ஏசி போட்ட அறையில், ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரத்தில், மைக்கும் மிக்ஸரும் வாசிப்பவரின் சொந்தமாக இருக்கும் இடத்தில் எடுத்தது. ராயபுரத்தில் ஒரு சர்ச் திருவிழா, திருவொற்றியூரில் ஒரு ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி, எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை... இந்த மேடைகளில் எது நிற்கும் என்பது வேறு கேள்வி.

முதலில் பெயர். டியூப் ஆம்ப் என்று சொன்னால் இந்த ஊரில் டியூப்லைட் ஞாபகம்தான் வரும். ரேடியோ ரிப்பேர் செய்த பெரியவர்கள் சொன்ன சொல் வால்வு. வால்வு ரேடியோ, வால்வு செட். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தபோது, ஒலிபெருக்கி என்றாலே அது வால்வுதான். டிரான்சிஸ்டரை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு 1954-ல் தொடங்கிய பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் உள்நாட்டிலேயே வால்வு தயாரித்தது. ஆக வால்வு என்பது சீமைச் சரக்கோ பணக்காரப் பொழுதுபோக்கோ அல்ல. ஒரு காலத்தில் தெருமுனை மைக்செட்டே அதில்தான் ஓடியது.

அதன் சத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவை. உள்ளே ஒரு இழை சூடாகிறது. அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் ஒரு கம்பி வலை. கிடாரிலிருந்து வரும் நோஞ்சான் சிக்னல் அந்த வலையில் ஏறி, ஓடுகிற கூட்டத்தைத் தடுத்தும் விட்டும் ஆட்டுகிறது. அளவுக்கு மேல் தள்ளினால் அலையின் முனை கத்தரியால் வெட்டியது மாதிரி ஆகாது, மழுங்கி வளையும். அந்த மழுங்கல்தான் எல்லாரும் கிறங்குகிற கரகரப்பு. மெதுவாகத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் உறுமல், இரண்டும் ஒரே பெட்டியில், ஒரு திருகையும் தொடாமல். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்பைச் செய்தார். ராக் கிடார் சத்தம் என்று இன்று மனதில் பதிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது.

டிஜிட்டல் பெட்டி இதைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் வைத்த மைக், எல்லாவற்றின் நடத்தையையும் எண்ணாக்கி ஒரு சிப்பில் ஓட்டுவதுதான் மாடலிங். 1998-ல் லைன் 6 பாட் என்று சிவப்பாக அவரைக்கொட்டை வடிவத்தில் ஒன்று வந்தபோது அது உண்மையிலேயே பொம்மை மாதிரிதான் இருந்தது, சத்தமும் ஓரளவு அப்படித்தான். 2006-ல் ஃப்ராக்டல், 2011-ல் கெம்பர், 2015-ல் ஹெலிக்ஸ் வந்த பிறகு கதை மாறிவிட்டது. இப்போது ஒரு நிஜ ஆம்பின் சத்தத்தைக் கற்றுக்கொண்டு திருப்பிச் செய்கிற மென்பொருள்கூட இலவசமாகக் கிடைக்கிறது. 2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்க்டிகாவில் வாசித்தபோது ரசிகர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள், மேடையில் அலறும் ஆம்பே கிடையாது, டிஜிட்டல்தான். மெட்டாலிகாவுக்கே போதுமென்றால் பேசின் பிரிட்ஜுக்குப் போதாதா? :-)

'டிஜிட்டலில் தாமதம் வரும்' என்பதும் பழைய புகார். மூன்று மில்லி செகண்ட் தாமதம் என்றால், காற்றில் சத்தம் சுமார் ஒரு மீட்டர் கடக்கிற நேரம். ஆம்பை விட்டு மூன்றடி தள்ளி நின்று வாசிப்பவர் அந்த அளவுத் தாமதத்தோடுதான் எப்போதும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் சத்தத்தைப் பற்றிய சண்டையை விட இந்த ஊரில் முக்கியம் கரண்ட். மேடைக்குக் கம்பத்திலிருந்து ஒரு லைன், அதே லைனில் சீரியல் பல்பு, ஃபோகஸ் லைட், பக்கத்தில் ஜூஸ் கடை மிக்ஸி. இல்லையென்றால் ஜெனரேட்டர். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் என்ன ஆகும்? வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும், கிடைப்பது 5.2. தகட்டில் 450 வோல்ட் இருக்க வேண்டிய ஆம்பில் 370 சொச்சம். சத்தம் தொய்ந்துவிடும். ஜெனரேட்டர் துள்ளி மேலே போனால் இன்னும் மோசம், ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போனால் அன்றைய கச்சேரி முடிந்தது. (எடி வான் ஹேலன் வேண்டுமென்றே ஒரு கருவியை வைத்து வோல்டேஜைக் குறைத்து அந்தத் தொய்ந்த சத்தத்தை எடுத்தார். திருவொற்றியூரில் அது இலவசம்.) டிஜிட்டல் பெட்டிகளில் பலவற்றின் அடாப்டர் 100-லிருந்து 240 வரை எதையும் தாங்கும். 190 வந்ததா 220 வந்ததா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது எடை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ, வாக்ஸ் ஏசி30 அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆட்டோவில் ஏற்றி, சந்தில் இறக்கி, மேடை ஏணியில் தூக்க வேண்டும். பைக்கில் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் முடித்து நேராக ஒத்திகைக்கு வருபவருக்கு இது நடக்காத காரியம். ஃபெண்டர் கம்பெனியே 2019-ல் அதே ட்வினை டிஜிட்டலாக்கி எடையைப் பாதியாக்கி விற்க ஆரம்பித்தது. சத்தம் பெரிதாக வேண்டும் என்று 100 வாட் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். அதற்காக முதுகை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

பிறகு கடல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இரும்பு ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாலே தெரியும். வால்வு செருகும் சாக்கெட்டில் உப்பு படிந்தால் படபடவென்று சத்தம் வரும். டிஜிட்டல் பெட்டியின் ஜாக்கும் துருப்பிடிக்கும், மறுப்பதற்கில்லை, ஆனால் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைக்கலாம். 2023 மிக்ஜாம் புயலில் தரைதள வீடுகளில் தண்ணீர் ஏறியபோது பரணுக்குப் போகக்கூடியதற்கும் போக முடியாததற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் பாட்டு வரிசை. மெல்லிசைக் கச்சேரி கிடாரிஸ்டின் வேலை ஒரு ராக் கிடாரிஸ்டின் வேலையே அல்ல. 'இளைய நிலா'வுக்கு அக்கூஸ்டிக் கிடார் கேட்கும். அடுத்து எண்பதுகளின் ராஜா பாட்டுக்கு மின்னுகிற கோரஸ். அதற்கடுத்து ரஹ்மான், அதன் பின் ஒரு குத்துப் பாட்டு, நடுவில் ஒரு நேயர் விருப்பம். பாடகர் 'அடுத்த பாட்டு' என்று சொல்லும் பத்து விநாடியில் சத்தம் மாற வேண்டும். ஒரு மார்ஷலால் இது முடியாது, நாலு ஆம்ப் வேண்டும். காலால் ஒரு பட்டனை மிதித்தால் முடிகிற வேலை. கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்குகிறவருக்கு அதுதான் சோறு போடுகிற கருவி.

ஆனால் டிஜிட்டல் ஆட்கள் ஒன்றை மறைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குச் சொந்தமாகச் சத்தமே கிடையாது. வயர் நேராக மைக்செட்காரரின் மிக்ஸருக்குப் போகிறது. அவர் வைத்ததுதான் சத்தம். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றுதான், அதுவும் பாடகர் பக்கம் திரும்பியிருக்கும். கிடாரிஸ்டுக்குத் தான் வாசிப்பது கேட்காது. பதறிப்போய் வால்யூமை ஏற்றுவார், மைக்செட்காரர் அங்கே இறக்குவார். வால்வு ஆம்ப் முதுகுக்குப் பின்னால் இருந்து நேராக அடித்தவரை இந்தக் கண்ணாமூச்சி இல்லை. இன்னொன்று, ராத்திரி வீட்டில் ஹெட்ஃபோனில் சத்தம் செட் செய்வது. குறைந்த சத்தத்தில் காது அடிநாதத்தையும் உச்சத்தையும் சரியாக வாங்காது, அதனால் அவை இரண்டையும் ஏற்றி வைப்பார்கள். மேடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் அடியில் ஒரே குமுறல், மேலே ஈ ரீங்காரம், நடுவில் கிடாரைக் காணோம். 'டிஜிட்டல் உயிரில்லாமல் இருக்கு' என்று பழி மட்டும் பெட்டிக்கு.

கானா மேடையில் இது இன்னும் கறாராகத் தெரியும். டோலக், சட்டி, பறை, கீபோர்டு எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது கிடாருக்குக் கிடைக்கிற இடம் ஒரு சின்ன இடுக்கு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் எலக்ட்ரிக் கிடாரோடும் டிரம்ஸோடும் சேர்த்தது. வடசென்னைக் குரல்கள் அதில் முன்னால் நின்றன. அந்த மாதிரி இசையில் வரிதான் முதலாளி. வார்த்தையை மூடுகிற கரகரப்பு எந்த விலை ஆம்பிலிருந்து வந்தாலும் தப்புதான்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்த விவாதம் புதிதும் இல்லை. 1950-களின் நடுவிலிருந்து புல்லட் செய்த ஊர் அது. 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்தபோது, 'அந்த டப் டப் சத்தம் போச்சு' என்று புலம்பாதவர் கிடையாது. அது பொய்யான புலம்பல் அல்ல, சத்தம் மாறியது உண்மை. எண்ணெய் ஒழுகாமல் ஸ்டார்ட் ஆனதும் உண்மை. வேலைக்குப் போகிறவர் புதியதை வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர் பழையதைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

ரிப்பேர் விஷயத்தில் மட்டும் வால்வுக்கு ஒரு மார்க் அதிகம். கருகிய ரெசிஸ்டரைக் கண்ணால் பார்த்து மாற்றலாம், வால்வைப் பிடுங்கிப் புதிது செருகலாம். டிஜிட்டல் போர்டு செத்தால் ரிச்சி தெருவிலும் கையை விரிப்பார்கள். ஆனால் அந்த வால்வே இப்போது ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் உலகம் முழுக்க கிடாரிஸ்டுகள் வால்வு தேடி அலைந்தார்கள். இங்கே வந்து சேரும்போது சுங்கவரியும் சேரும்.

இதில் உண்மையான கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. 'வால்வு ஆம்ப் இல்லாதவன் கிடாரிஸ்டா' என்கிற பேச்சைக் கேட்டு, மாதத் தவணையில் ஒன்றை வாங்கி, ஒண்டுக்குடித்தனத்தில் அதைப் பாதி சத்தத்துக்குக்கூடத் திறக்க முடியாமல், மேல் துணி போட்டு டிவி ஸ்டாண்டாக்கிய பையன்கள் உண்டு. வாங்க முடியாததால் தான் இன்னும் 'நிஜ' கிடாரிஸ்ட் ஆகவில்லை என்று மேடைக்கே வராதவர்களும் உண்டு. கல்லூரி விழாக்களில் ஆம்ப் வாடகைக்கு வந்து நிற்கும், யாரோ பணம் கட்டியிருப்பார்கள். தெரு மேடையில் அப்படி யாரும் கட்டுவதில்லை. அங்கே வாசிப்பவரின் விரலைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் பெட்டியின் பெயரைப் பார்த்து மார்க் போடுவது அநியாயம்.

ஆக, தெரு மேடைக்கு டிஜிட்டல்தான். செகண்ட் ஹேண்ட் போதும், பத்து வருஷப் பழைய மாடல்கூடப் போதும். மிச்சப் பணத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பை வாங்கி, மிக்ஸருக்கு ஒரு வயர், அந்த ஆம்புக்கு ஒரு வயர் என்று பிரித்து, காதுக்கு நேராகச் சாய்த்து வைத்துக்கொண்டால் மானிட்டர் பிச்சை எடுக்க வேண்டாம். வாய்ப்புக் கிடைக்கும்போது எங்கேயாவது ஒரு நல்ல வால்வு ஆம்பில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்ப்பதும் அவசியம். விரல் அழுத்தத்துக்குச் சத்தம் எப்படித் திரும்பிப் பேசும் என்று தெரிந்தால்தான் டிஜிட்டலில் எதைத் தேடுவது என்று புரியும். மற்றபடி மைக்செட்காரருக்கு முதலிலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பெரிய ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் சத்தம் பார்த்துவிட வேண்டும். அதைச் சாயங்காலம் ஆறு மணிக்கே கேட்டுவிடுவது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் வந்துவிடும்.