பாடச் சொல்லிக் கேட்காமலேயே வகுப்பு ஒதுக்குவதா?



தென் ஜொகூரில் கர்நாடக இசை கற்றுத் தரும் அமைப்புகள் சில, புதிதாகச் சேரும் பிள்ளையின் வயதைக் கேட்கின்றன, சான்றிதழ் உண்டா என்று கேட்கின்றன. பாடச் சொல்லிக் கேட்பதில்லை. அப்படியே வகுப்பும் ஒதுக்கிவிடுகின்றன. இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 14 வயது. கோயில் சமய வகுப்பில் தேவாரம் படித்தவன். இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் பாடுபவன். கௌசிகப் பண்ணில் பதிகம் பாடும் பிள்ளைக்குப் பைரவி தொண்டையில் ஊறியிருக்கும். பழம்பஞ்சுரம் பாடியவனுக்குச் சங்கராபரணம் புதிதல்ல. ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. ஏழு வயதுக் குழந்தைகளோடு ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆண்டிறுதி வரை மாற்ற முடியாதாம்.

சரளி வரிசையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாயாமாளவகௌளையில் மூன்று காலமும் பழகாத குரல் வர்ணத்தில் தடுமாறும் என்கிறார்கள், இருக்கட்டும். அதற்கு ஓராண்டு வேண்டுமா, இரண்டு மாதம் போதுமா என்பது பாடவைத்துப் பார்த்தால்தானே தெரியும்?

இதைவிடப் பெரிய கொடுமை சுருதி. சிறுவர்களும் பெண்பிள்ளைகளும் நிறைந்த வகுப்பில் சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் ஒலிக்கும். குரல் உடையும் வயதுப் பையனுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைதான் ஒத்துவரும். அந்த வகுப்பில் அவன் மேல் சட்ஜத்துக்கு முயன்றால் எட்டவில்லை. ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் அடிக்குரல் வெளியே கேட்கவில்லை. கடைசியில் வாயை மட்டும் அசைக்கிறான். சில மாதத்தில் நின்றுவிடுகிறான், 'ஆர்வம் இல்லை' என்று பேரும் வாங்கிக்கொள்கிறான். பையன்கள் இப்படி இசையை விட்டே விலகிய பிறகு, திருவிழாவுக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க இந்தியாவிலிருந்து ஆள் வரவழைக்கிறோம். இங்கே பையன்கள் ஏன் முன்வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படவும் செய்கிறோம்!

பியானோ படிக்கும் பிள்ளைகள் எடுக்கும் ஏபிஆர்எஸ்எம் தேர்வில் 8 நிலைகள். முதல் நிலையிலிருந்து வரிசையாக ஏறவேண்டிய கட்டாயமில்லை. 6ஆம் நிலைக்குப் போகும்போதுதான் 5ஆம் நிலை இசைக்கோட்பாடோ அதற்கு ஈடான ஒன்றோ கேட்பார்கள். அரசாங்கத்தின் கலைப்பள்ளியான செக்கோலா செனியும் திறன் சோதனை வைத்துத்தான் முதலாம் படிவத்தில் சேர்க்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரமும் நாதஸ்வரமும் தவிலும் படிக்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நமக்கு மட்டும் எதற்கு இந்தக் காகிதப் பித்து?

பொந்தியானிலிருந்து வகுப்பு நடக்கும் ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஜொகூரில் வெள்ளி, சனி வாரவிடுமுறையாக இருந்த காலத்தில் ஞாயிறு வகுப்பை நாங்கள் நினைத்துப் பார்க்கவே முடியாது. 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகுதான் வழி பிறந்தது. பெட்ரோலும் மாதக் கட்டணமும் கொடுத்து அவ்வளவு தூரம் வருவது, தெரிந்ததையே ஓராண்டு திரும்பப் பாடுவதற்கா?

சேர்க்கை நாளில் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள். எந்த வகுப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டு, தேவையானால் மாற்றுங்கள். குரல் உடைந்த பையன்களை, ஆள் குறைவென்றால் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து சேர்த்தாவது, தனிச் சுருதியில் பாடவையுங்கள். மானியமும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கும் அமைப்புகள் இதற்கு மறுத்தால், காரணத்தைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
பொந்தியான், ஜொகூர்.