நூலிற் கோத்த கிண்கிணி

காலில் அணியும் அணிகலன்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. சிலம்பு, தண்டை, பாடகம், சதங்கை, கிண்கிணி என மகளிரும் மழலையரும் அணிந்தவை ஒருபுறம். வீரர் அணிந்த கழல் மற்றொருபுறம். இவற்றுள் கிண்கிணி என்பது ஒலியாற் பெற்ற பெயர். புறநானூற்றின் 77ஆம் பாட்டில், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், கிண்கிணி களைந்த இளங்காலிற் கழல் பூண்டு போர்க்களம் புகுந்ததை இடைக்குன்றூர் கிழார் வியந்து பாடுகிறார். கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கப் பரலும், பாண்டிமாதேவியின் சிலம்பினுள் முத்துப் பரலும் இருந்தன என்று சிலப்பதிகாரம் கூறும். முப்பத்தைந்து ஆண்டுகள் இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்தேன். ஆயினும், இவ்வணிகளைச் செய்த கைகள் எத்தகையன என்று ஒருநாளேனும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அண்மையில் ஓர் ஊர்த் திருவிழாவிற்குச் சென்றிருந்தேன். தெருவோரத்தில் ஓர் அம்மையார், பருத்தி நூலாற் பின்னிச் சிறு பித்தளை மணிகள் பொருத்திய கொலுசுகளைப் பரப்பி வைத்திருந்தார். வாங்க வந்த ஒருவர் விலையைக் கேட்டு முகம் சுளித்தார். “வெறும் நூல்தானே அம்மா! இதற்கா இவ்வளவு விலை?” என்றார். அம்மையார் சிரித்துக்கொண்டே, “நூல்தான் ஐயா, ஆனால் அது தானாகப் பின்னிக்கொள்ளவில்லையே!” என்றார். உண்மையைச் சொல்லின், வாங்க வந்தவர் எண்ணியதையே நானும் எண்ணினேன். அம்மையாரின் விடையோ என்னை விட்டு அகலவில்லை.

வீடு திரும்பியதும் இதனை என் பெயர்த்தியிடம் கூறினேன். பன்னிரண்டு வயதுடைய அவள் கொக்கி ஊசியால் பின்னக் கற்றவள். மக்கள் இதனைக் குரோஷா ஊசி என்பர். குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். அவள் ஒன்றும் பேசாமல் ஊசியையும் நூலையும் என் கையில் கொடுத்தாள்.

செயல் எளிதுபோலத் தோன்றிற்று. நூலின் முனையில் ஒரு சுருக்கு இடவேண்டும். அதனுள் கொக்கியை நுழைத்து நூலைப் பற்றி இழுத்தால் ஒரு கண் உண்டாகும். அக்கண்ணின் வழியே மீண்டும் இழுத்தால் அடுத்த கண். இவ்வாறு கணுக்காலின் சுற்றளவிற்குச் சங்கிலி பின்னி, அதன்மேல் மற்றொரு வரிசை பின்னுதல் வேண்டும். மணிகளையோ பின்னத் தொடங்குமுன்பே நூலிற் கோத்துவிடல் வேண்டும். பதினைந்து மணி வேண்டுமெனில் பதினைந்தும் முதலிலேயே நூலில் ஏறிவிட வேண்டும். பின்னும்போது, இத்தனை கண்ணுக்கு ஒரு மணி என்று எண்ணி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பின்னலுள் இறுத்துதல் வேண்டும். நடுவே ஒரு மணி குறைந்தது கண்டால், நூலை அறுக்கவேண்டும்; அன்றேல் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். பின்னல் தளர்ந்தால் மணிகள் தொங்கும். மிக இறுகினாலோ கொக்கி நுழையாது.

பத்துக் கண் பின்னுவதற்குள் என் விரல்கள் மரத்துப் போயின. ஒரு கண் பெரிது. ஒரு கண் சிறிது. “தாத்தா, நூலை நெரித்துப் பிடிக்காதீர்கள், விரல் வழியே ஓட விடுங்கள்” என்றாள் பெயர்த்தி. ஓட விட்டேன், கண் நழுவிற்று. தெரியாமல் நூலை இழுத்தேன். பின்னியது அனைத்தும் நொடியிற் பிரிந்து மீண்டும் வெறும் நூலாயிற்று. ‘வெறும் நூல்’ என்பதற்கும் பின்னிய கொலுசுக்கும் இடையே உள்ள தொலைவு அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது.

துணி நெய்வதற்கும் காலுறை பின்னுவதற்கும் ஆலைகளிற் பொறிகள் பல உண்டு. கொக்கி ஊசிப் பின்னலோ இன்றும் பெரும்பாலும் மனிதர் கையையே நம்பி நிற்கிறது. ஆகவே, கடையிற் காணும் இத்தகைய கொலுசு ஒன்று மிக மலிவாகக் கிடைக்குமானால், நூலும் மணியும் மலிந்தன என்று மட்டும் கருதுதல் கூடாது. எங்கோ ஒருவருடைய உழைப்பு மலிவாகக் கொள்ளப்பட்டது என்றும் உணர்தல் வேண்டும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் பத்து ரூபாய் நூலிலிருந்து குறைவதில்லை; பின்னியவர் கூலியிலிருந்தே குறைகிறது.

வெள்ளிக் கொலுசு பல்லாண்டு நிற்கும். இடர் வந்துழி அடகு வைக்கவும் உதவும். நூற்கொலுசோ நனைந்து நைந்து போகும் என்று சிலர் கூறுவர். அது மெய்யே. ஆனால், அந்த வெள்ளிக் கொலுசும் கையுழைப்பின்றிப் பிறப்பதன்று. கொலுசுக்குப் பேர்பெற்ற சேலத்தில், வளையங்களை இணைத்துப் பற்றவைத்து மணி பொருத்தும் வேலையை வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் செய்து வாழ்வோர் பலர். ஆடல் மகளிரும் கரகாட்டக் கலைஞரும் கட்டும் சதங்கையில், மணிகளைக் கயிற்றில் முடிந்தோ தோற்பட்டையில் தைத்தோ அமைப்பதும் கைத்தொழிலே. பொருளின் விலை வேறு. தொழிலின் மதிப்பு வேறு. முன்னது எடைக்கல்லில் ஏறும், பின்னது ஏறாது.

கல்வியும் கைத்தொழிலும் தொடர்பற்றவை என்று எண்ணுவோரும் உளர். நன்னூல் செய்த பவணந்தி முனிவரோ நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிட்டார். பஞ்சு சொல்லாகவும், நூற்பவர் புலவராகவும் அங்கே உவமை அமைகிறது. புலவர் தொழிலுக்கு நூற்பவர் தொழிலை உவமையாக்கிய மரபு நம்முடையது. 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமைதல் வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். கண்களை எண்ணிப் பின்னும் சிறுமி கணக்கைப் பயில்கிறாள். தவறிய இடம்வரை பிரித்து மீண்டும் பின்னுகையில் பொறுமையைப் பயில்கிறாள்.

ஆதலின், பள்ளிகளில் கிழமைக்கு ஒரு மணி நேரமேனும் கைத்தொழிலுக்கென ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. அதனைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக்குதல் தகாது. ஆண்பிள்ளைகளும் ஊசி பிடிக்கட்டும். அனைவரும் தேர்ந்த கைவினைஞர் ஆகாவிடினும் குற்றமில்லை. பத்துக் கண் பின்னித் தோற்றவர்கூட, பிறர் உழைப்பை இனி ‘வெறும் நூல்’ என்று சொல்லார்.

பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்த பின்னரே உள்ளிருந்த பரல் எதுவென்பது தெரிந்தது. மாணவர்களே, கையாற் செய்த எப்பொருளுள்ளும் ஒருவருடைய உழைப்பு பரலாய் அடங்கியிருக்கிறது. அதனை அறியப் பொருளை உடைக்க வேண்டுவதில்லை. ஒருமுறை நாமே செய்து பார்த்தாற் போதும்.