கட்டிலோடு ஒரு கட்டமும் வேண்டும்

லேபர் டேபிள்களை எடுத்துவிட்டுப் பிரசவக் கட்டில்கள் போட வேண்டும், எந்த நிலையில் பெறுவது என்பதைத் தாயே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது 2017இல் வந்த, லேபர் வார்டுகளுக்கான மத்திய அரசின் லக்ஷ்யா வழிகாட்டி. முதலாவதற்கு டெண்டர் போதும். கட்டில் வந்து இறங்கியதா என்று ஆய்வுக்கு வருபவர் ஒரு பார்வையில் குறித்துக்கொள்வார். இரண்டாவதைப் பார்க்க, வலி முற்றும் நேரத்தில் வார்டுக்குள் நிற்க வேண்டும். மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி பக்கத்திலும் லேபர் வார்டில் நிற்கும் நம் வாசகர்களுக்கு இரண்டில் எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டையும் இவ்விதழ் ஆதரிக்கிறது. ஆனால் காலைத் தூக்கிக் கட்டி மல்லாத்தினால் புதுக் கட்டிலும் பழைய டேபிள்தான்.

எபிடியூரல் இல்லாத 9,000 தாய்மாருக்கு மேல் அடங்கிய 30 ஆய்வுகளைக் காக்ரேன் 2017இல் தொகுத்தது. நிமிர்ந்த நிலையில் ஆயுதப் பிரசவமும் எபிசியாட்டமியும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. 500 மி.லி.யைத் தாண்டும் ரத்தப்போக்கும் இரண்டாம் டிகிரி கிழிசலும் கூடின. மூத்த மருத்துவர்களின் ஆட்சேபம் இதுதான். ரத்தசோகை மலிந்த நம் பகுதியில் அதை ஒதுக்கிவிட முடியாது. குத்தவைத்திருப்பவளின் ரத்தம் தட்டில் விழுந்து கண்ணில் படுகிறது, படுத்திருப்பவளுடையது துணியில் ஊறிவிடுகிறது. வித்தியாசத்தில் ஒரு பங்கு அதனால் இருக்கலாம். முழுவதும் உண்மையே என்றாலும், குழந்தை வந்ததும் படுக்கவைத்து ஆக்சிடோசின் போட்டு, ரத்தத்தை அளந்து பார்க்க எதுவும் தடையில்லை. எபிடியூரல் போட்டவர்களின் கணக்கு வேறு. பிரிட்டனில் 3,000 பேரிடம் நடந்த பம்ப்ஸ் ஆய்வில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41 சதவீதமும் நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதமும் தானாகப் பெற்றார்கள். ஆகவே எல்லோரையும் குத்தவைக்கச் சொல்லவில்லை. யாரையும் கேட்காமல் மல்லாத்துவதைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கேதான் நாம் பல காலமாகச் சொல்லிவருவது வருகிறது: தாளில் கட்டமில்லாததை யாரும் கேட்பதில்லை. நம் பார்ட்டோகிராமில் அரைமணிக்கொரு தரம் குழந்தையின் இதயத்துடிப்பு உண்டு, பனிக்குட நீரின் நிறம் உண்டு, கர்ப்பவாய் விரிவு உண்டு. தாய் படுத்திருந்தாளா, நடந்தாளா என்பதற்குக் கட்டமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புத் தாளில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: மல்லாந்திருந்தால் எஸ்பி, நடமாடினால் எம்ஓ. எஸ்பி எச்சரிக்கைக் குறி, வட்டமிட வேண்டும். முதல் ஸ்டேஜில் நிமிர்ந்து நடமாடியவர்களுக்குப் பிரசவ நேரம் ஒரு மணிக்கு மேல் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது என்று 2013 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இதைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள், அந்தத் தாய் எத்தனை மணி நேரம் மல்லாந்து கிடந்தாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் தாளில் இராது. ராத்திரி டியூட்டியில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் மூன்று பேரின் வலியைப் பார்க்கும்போது எல்லோரையும் படுக்கவைப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்த ஆள் பற்றாக்குறையும் தாளில் ஏறாது. மெமோ மட்டும் அவர் பெயருக்கு வரும்.

அடுத்த முறை கேஸ் ஷீட் அச்சடிக்கும் முன் சுகாதாரத் துறை அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அதுவரை நம் வாசகர்கள் பார்ட்டோகிராமின் ஓரத்திலேயே, மணியோடு, எஸ்பி, எம்ஓ என்று எழுதத் தொடங்கட்டும்.