பொம்மைப் படம் என்று இளக்காரமா?

"இந்த வயசுல பொம்மைப் படமா?" என்று கேட்கிறார்கள். கொல்லிமலைக்காரர் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. சிரித்து, அசைந்து, ஆளை மயக்கிக் கொன்ற பாவையின் கதை நம் மலையுடையது. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கொல்லிப்பாவை வருகிறாள். அதெல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்குச் சொன்னதா?

அனிமேஷன் என்றால் உயிரூட்டுவது. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாத படம். அசைவைச் சேர்ப்பது நம் கண்ணும் மனசும்தான். பொம்மை என்று தெரிந்தே மயங்குகிறோம். தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோல் அனுமன் தாவியபோது பெரியவர்களும்தானே கண்விழித்துப் பார்த்தார்கள்?

அச்சு அசலாக மனிதனைப் போலச் செய்தால் போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 2014இல் வந்த கோச்சடையானில் நடிகர்களின் அசைவைப் பதிந்து கணினியில் ஏற்றினார்கள். முகம் ரஜினி முகம்தான். கண்ணில் உயிர் இல்லை. 1940இல் பிறந்த டாமும் ஜெர்ரியும் நிஜப் பூனை, எலி மாதிரியா இருக்கின்றன? ஆனாலும் ஜெர்ரி மாட்டிக்கொண்டால் நமக்குப் படபடக்கிறது.

எங்கள் குண்டனி நாட்டில் ஒருவர், பேரனைத் திட்டி டிவியை அணைத்துவிட்டு, அவன் தூங்கியபின் தனியாக அதையே பார்க்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.