கறுப்புத் திரையில் ஒரு சிவப்பு வரி



லினக்ஸ் லேபில் என் திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா, திருவிழா சீரியல் லைட் போட்டிருக்க?" என்று கேட்காதவர்கள் நம் வகுப்பில் குறைவு. நம் கட்டளைக்காகக் கணினி காத்திருக்கும் அந்த ஒற்றை வரியை, அதாவது ப்ராம்ப்டை, நான் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றி வைத்திருக்கிறேன். இது வெட்டி வேலை என்பது பலருடைய எண்ணம். இல்லவே இல்லை என்பது என் கட்சி.

முதலில் சென்ற ஆண்டு நான் செய்த தவறை ஒப்புக்கொள்கிறேன். என் திரையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று என் கணினி. மற்றொன்று, எங்கள் குழுவின் ப்ராஜெக்ட் இருந்த பொதுக் கணினி. இரண்டும் கறுப்பு வெள்ளை. இரண்டிலும் ஒரே பெயரில் ஃபோல்டர். என்னுடையதை அழிப்பதாக நினைத்து ஆர்.எம். கட்டளையைக் கொடுத்தேன். போனது குழுவின் மூன்று வார உழைப்பு! கணினியின் பெயர் ப்ராம்ப்டில் இருக்கத்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. நண்பர்கள் யாரும் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மண்டகப்பட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அடுத்தவர் நிலத்துப் பம்புசெட்டைப் பார்த்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன்டா, எதை அமுக்குறோம்னு பாக்காமலா அமுக்குன?" என்றார்.

மோட்டார் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள். அதில் ஒன்று எரியவில்லை என்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை. போட்டால் காயில் கருகிவிடும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இதுவரை ஒரு மோட்டாரைக்கூட எரித்ததில்லை. அவருக்கு நிறம்தான் எழுத்து!

"கவனமா இருந்தா போதும், கலர் எதுக்கு?" என்பீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர், இரவு வேளையில், ஒரு சர்வரில் செய்வதாக நினைத்து இன்னொரு சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. மீட்ட பிறகும் ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. பிறகு அவர்கள் எழுதிய திருத்தங்களில் ஒன்று என்ன தெரியுமா? எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று தெளிவாகத் தெரியும்படி ப்ராம்ப்டை மாற்றுவது! அவ்வளவு பெரிய இடத்துக்கே அது தேவை என்றால் நமக்கு?

வேலையும் பெரிதல்ல. பாஷ் ஷெல்லில் ப்ராம்ப்டை வைத்திருப்பது பி.எஸ்.1 என்ற மாறி. எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்புக்குறி, நிறத்தின் எண், கடைசியில் எம் என்ற எழுத்து. 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். முடிவில் 0 கொடுக்க மறந்தால் நீங்கள் அடிக்கும் எழுத்துக்கும் அதே நிறம் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பொறி: நிறக் குறியீட்டின் இரு பக்கமும் பின்சாய்கோட்டுடன் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். இல்லாவிட்டால் ஷெல்லுக்கு வரியின் நீளம் தப்பாகக் கணக்காகி, நீளமான கட்டளை தன் மேலேயே ஏறி உட்காரும். சரியாக வந்ததை உங்கள் லாகினின் பாஷ்-ஆர்சி கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாக வரும்.

வானவில்லைக் கொட்டாதீர்கள். எல்லாம் கலராக இருந்தால் எதுவும் கண்ணில் படாது. சொந்தக் கணினிக்குப் பச்சை. பொதுக் கணினிக்கும், எதையும் அழிக்க அதிகாரமுள்ள ரூட்டுக்கும் சிவப்பு. போதும். பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாத நண்பர்களும் உண்டு. ஆகவே கணினியின் பெயரும் இருக்கட்டும்.

எங்கள் ஊர்க் குகைக்கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதை எடுத்தவன் விசித்திரசித்தன் என்கிறது. 7ஆம் நூற்றாண்டின் மகேந்திரவர்ம பல்லவன்தான் அவன். சுமார் 1,400 ஆண்டுகள் கழித்து வருகிறவனுக்கும் இது யாருடைய இடம் என்று அந்தக் கல் சொல்கிறது. கணினியும் நம்மிடம் அதைச் சொல்ல வேண்டாமா?

தமிழ் மீடியத்தில் இருந்து வந்த நமக்கு, ஆங்கில வரியைச் சட்டென்று படிப்பது முதல் வருடத்தில் கஷ்டம்தான். நிறம் உடனே புரியும். எனவே மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை: பொதுக் கணினிகளின் ப்ராம்ப்டைச் சிவப்பாக மாற்றித் தரும்படி கேளுங்கள். முதலாமாண்டு தம்பி, தங்கைகளுக்கு லினக்ஸ் லேபின் முதல் நாளே இதைச் சீனியர்கள் நாம் சொல்லித் தருவோம்.

எதை அமுக்குகிறோம் என்று பார்த்து அமுக்குவோம்!