அழைப்பது ஆளல்ல: விற்பனை முகவர்களும் எமது தொலைபேசி எண்களும்

கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் முதலாளியின் முழுப்பெயரைச் சொல்லி ஒரு குரல் கதைக்கிறது. போன மாதம் கிளை திறந்ததும் அதற்குத் தெரிந்திருக்கிறது. விற்க வந்தது அட்டை இயந்திரமாகவோ மின்சார ஒப்பந்தமாகவோ காப்புறுதியாகவோ இருக்கும். இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என எங்கு கடை வைத்திருந்தாலும் எம்மவர்களுக்கு இந்தத் தொல்லை பழகிப்போன ஒன்று. ஆனால் அந்த எண்ணைத் தேடிப் பிடிக்கும் வேலையை இப்போது மனிதர்களிடமிருந்து மென்பொருள் எடுத்துக்கொண்டு வருகிறது.

யாரிடம் விற்கலாம் என்று ஆள் தேடும் வேலையை நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கின்றன. அடுத்து என்ன செய்வது என்பதைத் தானே தீர்மானித்து இயங்கும் மென்பொருளைத்தான் முகவர் என்கிறார்கள். அதற்குக் கருவிகள் வேண்டும். ஒரு கருவி நிறுவனப் பதிவேட்டைத் தேடும், இன்னொன்று உரிமையாளரின் எண்ணைக் கொண்டுவரும், மற்றொன்று மின்னஞ்சலை அனுப்பும். இவற்றை முகவருடன் இணைப்பதற்கென ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் பின்னர் கருவி செய்வது மிகவும் சுலபமாகிவிட்டது.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. முன்பெல்லாம் அதைப் பொறியியலாளர் வாசிப்பார், சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்பார். இப்போது வாசிப்பது முகவரே. 'நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் உரிமையாளரின் கைத்தொலைபேசி எண் கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆயிரம் கடைகளுக்கும் அது அதையே செய்யும். யாரை அழைக்கக்கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை என்றால், அது அதற்குத் தெரியப்போவதில்லை. வெளியார் எவரும் பார்க்காத அந்த நாலு வரிகளை நாம் கவனிக்கவேண்டியது இதனால்தான்.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே விற்பனை மின்னஞ்சல் தொடர்பான விதிகள் லிமிட்டெட் கம்பனியையும் தனிநபர் வணிகரையும் வேறுவேறாகப் பார்க்கின்றன. தன் பெயரிலேயே கடை நடத்துபவர் சட்டத்தின் கண்ணில் ஒரு தனிமனிதர். பொதுவாக அவரது சம்மதம் இல்லாமல் விற்பனை மின்னஞ்சல் அனுப்பமுடியாது. எம்மவர்களின் சிறு கடைகள் பலவும் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் கருவியின் குறிப்பு இந்த வேறுபாட்டைக் கேட்காவிட்டால், முகவருக்கு மூலைக்கடையும் பெரிய அங்காடியும் ஒன்றுதான்.

பிரான்சில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து தொடர்பு விபரங்களைச் சேகரித்து விற்ற கஸ்பர் என்ற நிறுவனத்துக்கு, அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் 2,40,000 யூரோ அபராதம் விதித்தது. அதன் களஞ்சியத்தில் ஏறக்குறைய 16 கோடி பேரின் விபரங்கள் இருந்தன. தம் விபரங்கள் எல்லோருக்கும் தெரியக்கூடாது என்று அமைத்து வைத்திருந்தவர்களுடையதும் அதில் அடக்கம். சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவித்ததோ வேலை தொடங்கி நாலு ஆண்டுகள் கழித்து, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். வந்த நாட்டின் மொழியில் வரும் கடிதத்தையே பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன தலைமுறை எங்களுடையது. புரியாத மொழியில் வரும் அறிவிப்பு அறிவிப்பே அல்ல என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எமக்கென்றே தனியான ஒரு சிக்கலும் இருக்கிறது. அது எமது பெயர்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதியப்பட்டிருக்கும். அகதி விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று, கடைப் பலகையில் மூன்றாவது. கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேறுவேறு கடைசிப் பெயர். 'என்னை அழைக்காதே' என்று ஒருவர் கேட்டு, ஒரு எழுத்துக்கூட்டலில் நீக்கப்பட்டாலும், மற்றைய இரண்டிலும் அவர் பட்டியலில் இருந்துகொண்டே இருப்பார். இன்னொரு பக்கம், ஒரே பெயருள்ள இருவரை முகவர் ஒருவராக்கி, ஒருவரின் வீட்டு முகவரியை மற்றவரின் கடையோடு ஒட்டிவிடவும் கூடும். மறுப்புப் பட்டியலைப் பெயரை வைத்துப் பார்க்காமல் எண்ணையும் மின்னஞ்சலையும் வைத்துப் பார்க்கவேண்டும் என்று குறிப்பில் ஒரு வரி இருந்தால் இதில் பாதி தீரும். அந்த வரியை எழுத, இந்தப் பெயர்களோடு வாழ்ந்த ஒருவருக்குத்தான் தோன்றும்.

அப்படிப்பட்டவர்கள் அந்த மேசைகளில் இருக்கவும் செய்கிறார்கள். எமது பிள்ளைகள் பலர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது, குறிப்பை நன்றாக எழுதுவதோடு நிறுத்தவேண்டாம் என்பதுதான். முகவர் குறிப்பைப் பெரும்பாலும் பின்பற்றும், எப்போதும் அல்ல. 'மறுத்தவரை அழைக்காதே' என்பது எழுத்தில் மட்டும் இருந்தால் என்றோ ஒருநாள் தவறும். மறுத்தவரின் எண்ணைக் கருவியே கொடுக்க மறுக்கவேண்டும். அதை நிரலில்தான் எழுதமுடியும்.

இதில் நாம் பாதிக்கப்படும் பக்கம் மட்டும் இல்லை. வீடு விற்கும் முகவர்கள், கடன் ஒழுங்கு செய்பவர்கள், காப்புறுதி ஆலோசகர்கள் என எம்மவர்களும் இந்தக் கருவிகளை வாங்கத் தொடங்கினால், முதலில் உள்ளே போகப்போவது எமது வர்த்தகக் கைநூல்களும் கோவில் மலர்களில் வரும் விளம்பரங்களும்தான். ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ளட்டும் என்று நம்பிக்கையோடு கொடுத்த எண்கள் அவை. பட்டியல்களுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களின் பெயர்கள், இனத்தாலும் மொழியாலும் வகைபிரித்த ஒரு களஞ்சியத்தில் விற்பனைக்குக் கிடப்பதை நாமே செய்துவைத்தால் அதை என்னவென்று சொல்வது?

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் இருப்பவர்களுக்குக் கையில் இரண்டு உரிமைகள் உண்டு. என் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். விற்பனைக்காக என் விபரங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொல்லலாம், அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. கேட்கும்போது எமது பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், எண்ணையும், மின்னஞ்சலையும் சேர்த்தே எழுதுவோம். கஸ்பர் வழக்கில் நிறுவனத்தின் மீது காணப்பட்ட தவறுகளில், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் கொடுக்காததும் ஒன்று.