பேய் பங்களாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாமதான் கைடு. முதல் நாள் பத்மநாபசுவாமி கோயில், சாயங்காலம் கோவளம். அடுத்த நாள் மிருகக்காட்சி சாலை. மூன்றாம் நாள் பொன்முடி. 22 கொண்டை ஊசி வளைவுகளில் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக வாந்தி எடுப்பார். மேலே போனால் பனிமூட்டம், பக்கத்தில் நிற்கிற மாமாவே தெரியமாட்டார். போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம்.

போன டிசம்பரில் வந்தவர் என் சகலை. பிரான்சில் வேலை. வந்ததும் புரோவான்ஸ் பக்கம் போய்வந்த படங்களைக் காட்டினார். கோர்டு என்று ஒரு மலைக்கிராமம் (நம்ம கோர்ட்டு இல்லை, அது வேறு தலைவலி). மலைச்சரிவில் அடுக்கி வைத்தது போலக் கல்வீடுகள், செவ்வாய்க்கிழமை சந்தை, கீழே 12-ம் நூற்றாண்டு மடாலயமும் லாவண்டர் வயலும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. "இது மாதிரி மலைக்கிராமம் உங்க ஊர்ப் பக்கம் இருக்கா சகலை?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் என் பையன் முந்திக்கொண்டான். "போணக்காடு போலாம்பா. பேய் பங்களா இருக்கு!"

உபயம் யூடியூப்.

தெரியாதவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். அரசு பஸ்ஸும் போகிறது. வனத்துறை செக்போஸ்ட் தாண்டினால் காடு. காடு முடியும் இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை எஸ்டேட். அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்க ஆரம்பிப்பார்கள். 1868 மீட்டர் உயரம். ஜனவரி வாக்கில் வனத்துறை அனுமதி கொடுக்கும். சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அருவி, பேப்பாறை நீர்த்தேக்கத்தின் தூரக்காட்சி, அப்புறம் அந்தப் பங்களா.

பங்களா கதை இதுதான். யாரோ ஒரு வெள்ளைக்கார மேனேஜரின் சின்னப் பெண் அங்கே இறந்துபோனாளாம், ராத்திரியில் இன்னும் நடமாடுகிறாளாம். கூரை போய், சுவர் முழுக்கக் காதலர் பெயர்களோடு நிற்கிறது. நாங்கள் போன அன்று ஏழெட்டுப் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து அலறிக்கொண்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்குப் பேய்!

கதைதான் வேண்டும் என்றால் இந்த மலையில் உண்மையான கதையே இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநராக இருந்த ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1855-ல் அகஸ்தியர்கூட உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்தமானி, பாரமானி எல்லாம் யானைக்காடு வழியாக மனிதர்கள்தான் சுமந்துபோயிருக்க வேண்டும். சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. அது எப்போதும் அப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன்கள் அலறுவது லயங்களுக்குக் கேட்கும் தூரம்தான். லயம் என்றால் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். பல இடத்தில் கூரையில் தார்ப்பாய். எஸ்டேட் இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்தே நொண்டிதான், தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. சம்பள பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று எத்தனையோ தடவை பேப்பரில் வந்துவிட்டது. அங்கே இருக்கிறவர்களில் பாதிக்குமேல் தமிழ் பேசினார்கள். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

என் மனைவி கேட்டாள், நீங்களும் கேட்பீர்கள்: "வேலையே இல்லேன்னா ஏன் இன்னும் அங்கேயே கிடக்காங்க?"

இதற்குப் பதில் சொல்ல பி.காம். படித்திருந்தால் போதும். சட்டப்படி கிராஜுவிட்டி என்பது ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் கூலி. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மாவுக்கு 450 நாள் கூலி வரவேண்டும். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் பதினேழு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே. அவர்கள் வாழ்க்கையில் மொத்தமாகக் கையில் வாங்கக்கூடிய ஒரே பணம் அது. அது வராமல் லயத்தைக் காலி செய்தால் பாக்கியைக் கேட்க ஆளில்லாமல் போய்விடும் என்ற பயம். போவதற்கு வேறு வீடும் கிடையாது. வேலையோடு சேர்ந்த வீடு என்பதன் சூழ்ச்சி அதுதான். வேலை போனாலும் வீடு ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எனக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். சின்ன வயதில் வீட்டு மாடியிலிருந்து பார்த்த பொதிகைதான் இது. நான் பார்த்தது கிழக்குப் பக்கம், இப்போது நிற்பது மேற்குப் பக்கம். அந்தப் பக்கத்து மாஞ்சோலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1999 ஜூலை 23-ம் தேதி, அந்தத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். 2028-ல் முடியவேண்டிய குத்தகை, அதற்குள் 2024-லேயே விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கு நாம் எல்லோரும் வருத்தப்பட்டோம், செய்திகளைப் பகிர்ந்தோம். அதே மலையின் இந்தப் பக்கத்துக்கு மட்டும் பேய் பார்க்கப் போகிறோம். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

உறுத்துவதற்கு என் சொந்தக் கணக்கும் ஒன்று பாக்கி. பல வருடம் முன்பு இந்த ஜில்லாவில் ஒரு கிளையில் இருந்தேன். எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்புக். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், அடையாள அட்டையில் புருஷன் பெயர் பின்னால், பி.எஃப். சீட்டில் "அம்மாள்" குறைந்து "அம்மா" ஆகியிருந்தது. நான் விதியைச் சொன்னேன். அஃபிடவிட் வாங்கி வாங்க என்றேன், தமிழிலேயே, மரியாதையாக. "சரிங்க சார்" என்று போய்விட்டார். அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார், அன்றைக்குத் திரும்பப் பஸ் இருந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவர் வரவேயில்லை. விதி தப்பில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருக்கலாம்.

போணக்காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் சாப்பாட்டை டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போகாமல் அங்கே டீ குடியுங்கள், காசு கொடுத்து எதையாவது சாப்பிடுங்கள். பிள்ளைகளிடம் பங்களாவைக் காட்டும்போது லயத்தையும் காட்டுங்கள். நம் பெரியவர்களில் எத்தனையோ பேர் ரிட்டயர்ட் ஹெட் கிளார்க், ஆடிட்டர், தாசில்தார் ஆபீஸ்காரர். பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்தால் மத்தியானம் வரை வேலையில்லை. பெயர் திருத்த மனு, பி.எஃப். படிவம், பென்ஷன் விண்ணப்பம் இதெல்லாம் அவர்களுக்குத் தூக்கத்தில் வரும். தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நம்மைவிட யார்?

கிளம்பும்போது ஒரு லயத்து வாசலில் இருந்த ஆச்சி எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "விக்கிரமசிங்கபுரமா? அப்ப மலைக்கு அந்தாண்டை. அங்கிட்டு மழை உண்டா?" என்றார். சகலை கேமராவை உள்ளே வைத்துவிட்டார். பேச்சுவாக்கில் பாஸ்புக் பற்றிக் கேட்டேன். ஆச்சி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேர் எடுத்துவந்தார்கள். மூன்றிலும் பெயர் மூன்று விதம்.

இரண்டாவது சனிக்கிழமை பாங்க் லீவு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.